உள்ளூரில் ஆள் இல்லை

“நம்ம கடல், நம்ம சேறு, நம்ம கெராங். அதப் பாத்துக்க நம்ம நாட்டுல ஒரு ஆள்கூடவா இல்ல, தம்பி?”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார் சந்திரிகா. பினாங்கிலுள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கு வேலை பெர்மிட் வாங்கிக் கொடுக்கும் மேசை அவருடையது. கெப்பாலா பத்தாசிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

“இல்லன்னுதான் அக்கா எழுதணும். எழுதினாத்தான் பெர்மிட் கிடைக்கும்” என்றான் கோகிலன்.

கோகிலன் கெராங் சிப்பி ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். என்னவோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். நிபோங் திபால் பக்கம் இடுப்பளவு சேற்றில் இறங்கி, வாளி வாளியாக அள்ளிக்கொண்டு வருவான். அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராகத் தேர்வானவர் துருக்கிக்காரர் ஹைதர். அவருடைய பெர்மிட் விண்ணப்பம் இன்று ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அவர் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். தலைவர் இல்லாத கூடத்தைப் பூட்டிவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பூட்டினால் ஐந்து பேருக்கு வேலை போகும். அந்த ஐந்தில் கோகிலனும் ஒருவன். அவன் மனைவி குமுதாவுக்கு இது எட்டாவது மாதம்.

“ஆனா லோக்கல் ஆள் ஒருத்தர் இந்தத் தலைவர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்காரே” என்றார் சந்திரிகா, கோப்பைப் புரட்டியபடி. பெயரை மறைத்து ‘விண்ணப்பதாரர் 1’ என்று மட்டும் அதில் போட்டிருந்தார்கள். “டாக்டர் பட்டம் இருக்கு. அதுவும் கெராங்லதான். இவருக்கு ஏன் கொடுக்கலன்னு இந்தப் படிவத்துல, போராங்ல, காரணம் எழுதணும்லா.”

“அதுக்குத்தான் என்னய அனுப்பிருக்காங்க. நான் சொல்றேன், நீங்க டைப் பண்ணுங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்? இண்டர்வியூல நீ இருந்தியா?”

“முழுசா இருந்தேன் அக்கா.”

தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போயிருப்பான் என்று சந்திரிகா நினைத்துக்கொண்டார். கீபோர்டை இழுத்து வைத்தார்.

“முதல் காரணம். தலைமைப் பண்பு கிடையாது. அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு கேட்டாங்க. சேத்துலன்னு சொன்னாரு.”

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நெசமாவா?”

“நெசமாத்தான். ரெண்டாவது, பேசத் தெரியாது. உங்க பலவீனம் என்னன்னு கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிட்டு விடணும்ல? இவரு இருபது நிமிஷம் சொன்னாரு. கேள்வி கேட்டவரே போதும் போதும்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.”

“அடப்பாவமே.”

“மூணாவது, ஆளு கட்டுரை எழுதினது மூணே மூணு. அதுல ஒண்ண அவரு பொண்டாட்டிதான் வாசிச்சாங்க. பாதியிலயே தூங்கிட்டாங்க.”

சந்திரிகா டைப் செய்வதை நிறுத்தினார்.

“இதெல்லாம் போடணுமா தம்பி? எந்தத் தாய் பெத்த புள்ளையோ. படிச்சுப் பட்டம் வாங்கி, நமக்கு ஒரு வேலை கிடைக்காதான்னு வந்திருக்கான். அவன் சோத்துல மண்ண அள்ளிப் போடச் சொல்றியே.”

“அக்கா, அந்த ஆளு கொஞ்சம் தகுதியானவன்னு தெரிஞ்சாலும் போராங் திரும்பி வந்துடும். அப்புறம் எங்க அஞ்சு பேரு சோத்துலதான் மண்ணு.”

“உனக்கு அவன் மேல அப்படி என்ன கோபம்?”

“கோபம் இல்லாம இருக்குமா? இவன்லாம் எந்தத் தைரியத்துல அந்த நாற்காலிக்கு ஆசப்பட்டான்? டை கட்டத் தெரியாம, வீடியோ பாத்துக் கட்டிக்கிட்டு வந்தான். அதையும் எழுதுங்க அக்கா.”

“டையெல்லாம் எழுத முடியாதுலா” என்று முணுமுணுத்துக்கொண்டே சந்திரிகா மீதியை அடித்து முடித்தார். கடைசி வரியாக ‘ஆகவே, உள்ளூரில் தகுதியான ஆள் இல்லை’ என்று சேர்த்தார். மனமே இல்லாமல்தான் அச்சுக்குக் கொடுத்தார்.

மணி நாலு நாற்பது. வெளியே வந்த தாள்களை அடுக்கியவர் இரண்டாம் பக்கத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“முடிஞ்சது போ. இங்க பாரு, புது விதியாம். உள்நாட்டு விண்ணப்பதாரர் இந்தக் காரணங்கள வாசிச்சு, ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமாம்.”

“யாரு, விண்ணப்பதாரர் ஒண்ணா?”

“வேற யாரு? இருக்கிறது இருபது நிமிஷம். அந்த ஆள எங்க போயித் தேடுறது? தேடிப் புடிச்சாலும், தன்னப் பத்தி இவ்வளவு கேவலமா எழுதினத வாசிச்சிட்டு எந்த மனுசன் ஒத்துக்குவான்?”

கோகிலன் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தான். இரண்டாவது காரணத்தில் ‘இருபது நிமிடம்’ என்பதை அடித்துவிட்டு ‘இருபத்தைந்து’ என்று திருத்தினான். பிறகு கீழே இருந்த கோட்டில் கையெழுத்துப் போட்டான்.

சந்திரிகா பதறிப்போய்த் தாளைப் பிடுங்கினார். “என்ன தம்பி பண்ற? அடுத்தவன் கையெழுத்தப் போட்டா ஜெயிலுக்குப் போகணும்.”

“அடுத்தவன் இல்ல அக்கா” என்ற கோகிலன், தன் அடையாள அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தான். “விண்ணப்பதாரர் ஒண்ணு நான்தான்.”