நான்கெல்லைக்கு நடுவே

“பூர்வீகம் எதுன்னே தெரியாத வீட்டுக்குப் பொண்ணு குடுக்கறதா?” என்று யாழினியின் அப்பா கேட்டுவிட்டதால், இளம்பரிதி தன் முப்பாட்டன் சடையாண்டியைப் பழைய நிலப் பத்திரங்களில் தேடப் போனான். சடையாண்டி எதையும் வாங்கியிருக்கவில்லை, விற்றிருக்கவும் இல்லை. பத்திரப் பதிவைப் பொறுத்தவரை மனிதர் பிறக்கவே இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் நிலத்தை விற்ற பத்திரங்களில், எல்லை சொல்லும் வரியில் மட்டும் ஆள் அசையாமல் நின்றிருந்தார். ஒருவர் நிலம் சடையாண்டி புஞ்சைக்குக் கிழக்கு, இன்னொருவருடையது மேற்கு, மற்ற இரண்டும் வடக்கு, தெற்கு. நான்கையும் தாளில் வரைந்தான். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் மிஞ்சியது. அதைக் கொண்டுபோய் யாழினியின் அப்பாவிடம் நீட்டினான்.

“என்ன தம்பி, ஒண்ணுமே இல்லையே இதுல?”

“அதுதான் எங்க முப்பாட்டன், மாமா.”

“மாமாவெல்லாம் அப்புறம். முதல்ல வண்டிய எடுங்க.”

இருவரும் போனார்கள். நான்கு பக்கமும் வீட்டுமனைக் கற்களும் வண்ணக் கொடிகளும். நடுவில் மட்டும் நிலக்கடலை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இளம்பரிதியின் காதுகள் தலையோடு ஒட்டாமல் விறைத்து நிற்பவை. அவளுடையவையும் அப்படியே நின்றன.

“சடையாண்டி வகையறாவா? பங்கு கேட்டு வந்தியா?”

“இல்ல அத்தே, பொண்ணு கேட்டு. இவருதான் பொண்ணோட அப்பா.”

“அப்ப ஏன் எட்டவே நிக்கிறீங்க சம்பந்தி? செடியை மிதிக்காம உள்ள வாங்க.”

யாழினியின் அப்பா செருப்பைக் கழற்றி வரப்பின்மேல் வைத்தார்.