இருபதாவது கால்தடம்

பன்னிரண்டாம் வகுப்பு அணிலை, வேலை பழகி வரச் சொல்லிப் பள்ளிக்கூடம் கொக்கின் அலுவலகத்துக்கு அனுப்பியது. இருபது நாள் வந்ததாகச் சான்றிதழ் வாங்கினால்தான் பரீட்சை எழுத முடியும். அங்கே தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் கால்தடம் வைக்க வேண்டும்.

எட்டாம் நாள் விடிந்ததும் அதிகாரி கொக்கு, குளத்தில் மீன் நிலவரம் பார்த்து வரும்படி அணிலை அனுப்பிவிட்டது. அணில் திரும்பியபோது அலுவலகம் மூடியிருந்தது.

மறுநாள் எழுத்தர் ஆமை பதிவேட்டைத் திறந்து காட்டியது.

"நேத்து கட்டம் காலியா கிடக்கே பாப்பா. வச்சுட்டுப் போ."

"நேத்து நான் இங்கே இல்லையே சார்."

"அடேங்கப்பா! நான் ஒண்ணாந்தேதியே மாசம் முழுக்க வச்சுடுவேன். நம்ம சாரும் அப்படித்தான். என் நடைக்குத் தினமும் வந்து சேர முடியுமா?"

அணில் சிரித்தது. ஆனால் வைக்கவில்லை.

இருபதாம் நாள் கொக்கு கட்டங்களை இரண்டு முறை எண்ணியது.

"பத்தொன்பதுதான் இருக்கு. விதின்னா விதிதான். நாளைக்கு ஒரு நாள் வா, சான்றிதழ் தர்றேன்."

"நாளைக்குத்தான் சார் பள்ளிக்கூடத்துல கொடுக்கக் கடைசி நாள்."

"அப்போ சீக்கிரமா வா."

மறுநாள் அணில் முதல் ஆளாக வந்தது. கதவு திறந்து கிடந்தது. பதிவேட்டில் அன்றைய தேதியில் கொக்கின் கால்தடமும் ஆமையின் கால்தடமும் காய்ந்திருந்தன. அவற்றின் கீழே அணில் தன் ஈரக் காலை வைத்தது.

பிறகு, சான்றிதழ் தர யாராவது வருவார்கள் என்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தது.