போனெல்லாம் பழசே இருக்கட்டும்

“வந்துட்டா பாருங்க, காது,” என்றாள் ரேவதி. ரிசப்ஷன் ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

துவைத்த விரிப்புகளை நெஞ்சு உயரத்துக்கு அணைத்துக்கொண்டு வந்த சரோஜா, யாரையும் பார்க்காமல் துணி ரூமுக்குள் போனாள். அந்த லாட்ஜில் அவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் இருக்கிற இடத்தில் எதைப் பேசினாலும் சாயங்காலத்துக்குள் முதலாளி அப்பாசாமிக்குத் தெரிந்துவிடும்.

ரிசப்ஷனில் உட்காருகிற ரேவதி பி.காம். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கூட இருந்தே கோள் சொல்லுகிற ஜென்மங்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும்.

முதலாளியைக் கண்டாலும்தான். வேலைக்கு வந்ததும் எல்லாருடைய மொபைலையும் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டுகிற ஆள். “வீட்டுக்குப் பேசணும்னா துணி ரூம் போன்ல பேசிக்கங்க, காசு வேணாம்,” என்று விட்டது ஒன்றுதான் அவர் செய்த தருமம்.

லாட்ஜின் பழைய இன்டர்காம் பெட்டி அடிக்கடி படுத்துக்கொண்டது. பௌர்ணமிக் கூட்டம் வருவதற்குள் புதுசு மாட்ட, கம்பெனியிலிருந்து ஓவியா என்ற பெண் வந்திருந்தாள்.

“ஆம்பள யாரும் வரலியா?” என்றுதான் அப்பாசாமி ஆரம்பித்தார்.

“நான்தாங்க சார் வந்திருக்கேன். ரூமுக்கெல்லாம் புது போனே போட்டுடலாமா?”

“அதெல்லாம் ஜாஸ்தி செலவு. பெட்டி மட்டும் புதுசு, போனெல்லாம் பழசே இருக்கட்டும். எது எது எப்படி ஓடுதோ அது அது அப்படியே ஓடணும். மேல என் ரூம்ல ஒரு போன் கெட்டுப்போய்க் கெடக்குது, நீ அந்தப் பக்கமே போவாத.”

ரேவதி அந்தப் போனைப் பார்த்திருக்கிறாள். பேசுகிற பக்கத்து ஓட்டைகளை மூடி, சுற்றிலும் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். செத்த போனுக்குக் கட்டுப் போட்டு மேஜை மேல் வைத்திருக்கிற கஞ்சனை இந்தத் திருவண்ணாமலை வேறெங்கே பார்க்கும்?

ஓவியா மாடிப்படிக்கு அடியில், ஒயர்கள் வந்து சேருகிற அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அப்பாசாமி மேலே போய், ரூம் கூட்டுகிற மணிமொழியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

போன சுருக்கில் மணிமொழி அழுதுகொண்டே இறங்கி வந்தாள்.

“நாளைலேர்ந்து வர வேணான்னுட்டாருக்கா. புள்ளத்தாச்சிய வச்சினு மாரடிக்க முடியாதாம்.”

“நீ முழுகாம இருக்கறியா? எங்களுக்கே தெரியாதேடி. அந்தாளுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி?”

“எங்கம்மா கிட்ட மட்டுந்தாங்க்கா சொன்னேன். நேத்து, துணி ரூம் போன்ல. அப்ப அந்தம்மா ஓரமா துணி மடிச்சினு இருந்துச்சி.”

ரேவதிக்கு உச்சந்தலை சுட்டது. வேங்கிக்காலில் புது லாட்ஜில் வேலை கிடைக்கப்போவதை அவள் அண்ணனிடம் போனில் சொன்னபோதும் இதே சரோஜா, இதே மூலையில். மறுநாளே அப்பாசாமி இளித்தார். “என்னாம்மா, வேங்கிக்கால் போறியாமே?” யார் சொன்னது என்று கேட்டதற்கு, “துணி ரூம்ல யாரு இருப்பா? படிச்ச பொண்ணு, நீயே யோசி,” என்றார். அந்த வேலையும் கைக்கு வராமல் போயிற்று.

துணி ரூம் கதவைத் தள்ளினாள் ரேவதி. “ஏய், வெளிய வா.”

ஒரு காலத்தில் அக்கா என்று கூப்பிட்ட வாய். சரோஜா கையில் பாதி மடித்த துண்டோடு வந்து நின்றாள்.

“இவ வயித்துல இருக்கறத மேல போய் ஓதிட்டு வந்தியா? அது உனக்கு என்னா பண்ணிச்சி?”

“நான் சொல்லலம்மா. எம் பொண்ணு மேல சத்தியமா சொல்லல.”

“உம் பொண்ண எதுக்கு இழுக்கற? உனக்குப் பொறந்த பாவம் ஒண்ணு போதாதா அதுக்கு? அந்த ரூம்ல நீயும் நாலு செவுரும்தான். செவுரா போய் சொல்லிச்சி?”

யாரோ ‘த்தூ’ என்று துப்பினார்கள். சரோஜா மணிமொழியைப் பார்த்தாள். மணிமொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சரோஜா இடுப்பிலிருந்து துணி ரூம் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தாள். “இனிமே நான் வரலம்மா. மொட்டமாடில தலகாணி ஒற காயுது, மழ வந்தா யாராச்சும் எடுத்துடுங்க.” சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

மாடிப்படி மேலே நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்த அப்பாசாமி ஒரு கொட்டாவி விட்டார். “போறவ போறா. நீங்க வேலையப் பாருங்க.”

முதலாளிக்கு உளவு பார்த்தவளுக்கே இதுதான் மரியாதை என்று ரேவதி உதட்டைச் சுழித்தாள். சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். “பீட ஒழிஞ்சிச்சி.”

அப்போதுதான் ஓவியா அலமாரியிலிருந்து தலையை வெளியே எடுத்து, முடியில் ஒட்டிய ஒட்டடையைத் தட்டிவிட்டாள்.

“அக்கா, சார் ரூம்ல இருக்கற அந்தக் கெட்டுப்போன போன் கெடவே இல்ல. துணி ரூம் போன்ல யாரு பேசினாலும் அதுல கேக்கற மாதிரி ஒயர் இழுத்து வச்சிருக்காங்க. இந்தக் கனெக்‌ஷனையும் புதுப் பெட்டில அப்படியே குடுத்துடட்டுமா?”