சிவப்புக் குமிழ்

“கலியாண வீடோ இது, இரத்தக்களரியோ?”

செல்வநாயகம் கசெட்டை மேசையில் போட்ட வேகத்தில் தேநீர்க் கோப்பை ஒருமுறை ஆடி நின்றது.

கிளிநொச்சியில் வீடியோ எடுத்துக் கொடுக்கும் கடை அது. கதிர்காமநாதன்தான் படம் பிடிப்பவர், கொப்பி அடிப்பவர், எல்லாம். போன மாதம் உருத்திரபுரத்தில் செல்வநாயகத்தின் மகளுக்கு நடந்த கல்யாணத்தை எடுத்தவரும் அவர்தான். இரண்டு கொப்பி. ஒன்று வீட்டுக்கு. மற்றது ஜேர்மனியில் அகதி முகாமில் இருக்கும், செல்வநாயகத்தின் தங்கை சிவனேஸ்வரியின் ஒரே மகனுக்கு.

வீட்டுக் கொப்பியில் குறையில்லை. ஜேர்மனிக்குப் போகவேண்டியதுதான் இப்படி.

“ஐயற்றை வேட்டி ரோசா நிறம். மாப்பிள்ளையின்ரை முகம் பீற்றூட் அவிச்ச மாதிரி. ஐயர் இதைக் கண்டாரெண்டால் தோய்ஞ்சுபோட்டுத்தான் வீட்டுக்குள்ளை போவார்.”

கூட வந்த மனைவி விமலேஸ்வரி சிரிக்கவில்லை. அவவுக்கு வேறு கோபம்.

“தம்பி, அதை விடுங்கோ. ஒரு பொம்பிளையின்ரை நெத்தியிலையாவது பொட்டுத் தெரியுதோ? என்ரை பிள்ளை தாலி ஏறின கையோடை வெறும் நெத்தியோடை நிக்கிறாள். பாக்க நெஞ்சு பதறுது.”

கதிர்காமநாதன் தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

வெளிநாட்டுக்குத்தானே என்று ஏனோதானோவென அடித்திருக்கிறார் என்பது விமலேஸ்வரியின் முடிவு. பின்னேரங்களில் அவர் குடிப்பதாக ஒரு கதை இருக்கிறது என்பதையும் சுவரைப் பார்த்துச் சொல்லிவைத்தா.

அந்தக் கொப்பியில் என்ன கவனிக்கவேண்டும் என்று செல்வநாயகம் முதலே சொல்லியிருந்தார். தங்கையின் கணவனை ஐப்பசி மாதம் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டார்கள். அது மகனுக்குத் தெரியாது. தெரிந்தால், தகப்பனுக்குக் கொள்ளி வைக்கவில்லையே என்று அடுத்த பிளேனில் வந்து இறங்குவான். இறங்கினால் எயாப்போட்டிலேயே பிடிபடுவான். பிறகு அவனையும் காணக்கிடையாது. ஆகவே குடும்பம் முழுவதும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது: சண்டையால் பாதை பூட்டு, அப்பா மன்னாரில் நிற்கிறார்.

பந்தியில் ஒரு கிழவர் “அவன் இருந்திருந்தால்” என்று அழுத இடத்தில் சத்தத்தை அழிக்கச் சொன்னதும் செல்வநாயகம்தான். ஆனால் தங்கையை எங்கேயும் வெட்டவேண்டாம் என்றார். அம்மாவைப் பார்க்கவேண்டும் என்றுதான் பெடியன் கசெட்டே கேட்டிருந்தான். வரமாட்டேன் என்று நின்ற தங்கையை அதற்காகவே கூட்டிவந்து கடைசி வரிசையில் இருத்தியிருந்தார்கள்.

“எல்லாம் விளங்கப்படுத்தித் தந்தனான். நீர் என்னடா எண்டால், ஒரு கலியாணத்துக்கு ரெண்டு நிறம் அடிச்சு வைச்சிருக்கிறீர். திருப்பி அடிச்சுத் தாரும்.”

“அடிக்கலாம் அண்ணை. இஞ்சாலை வாங்கோ, நீங்களே சரிபண்ணுங்கோ.”

இரண்டு வீடியோ டெக்குகளுக்கு நடுவில் சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டி ஒன்று இருந்தது. கொப்பி அடிக்கும்போது நிறத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் மூன்று குமிழ்கள். சிவப்பு, பச்சை, நீலம். சிவப்புக் குமிழுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. குமிழ் அந்தக் கோட்டில்தான் நின்றது.

கதிர்காமநாதன் மூலக் கசெட்டைப் போட்டு, மணமக்கள் பெண்கள் பக்கத்தால் நடந்துவரும் இடத்தில் நிறுத்தினார். பெட்டி வழியாகத் திரையில் வந்ததெல்லாம் சிவந்துபோய் இருந்தது.

“சிவப்பைக் குறையுங்கோ.”

செல்வநாயகம் திருப்பினார். முகங்கள் தெளிந்தன. சேலைகள் பச்சையாகவும் மஞ்சளாகவும் பிரிந்து வந்தன. மணமகளின் நெற்றியில் பொட்டு வந்தது. பிறகு மற்ற நெற்றிகளில்.

“இவ்வளவுதானே. இதைச் செய்ய உமக்கு…”

அவர் நிறுத்தினார்.

கடைசி வரிசையில் ரோசாச் சேலையோடு இருந்த சிவனேஸ்வரி வெள்ளைச் சேலையோடு இருந்தா. அவவின் நெற்றியில் மட்டும் எதுவும் வரவில்லை.

மாதக்கணக்காக வீட்டுக்குள் நடமாடிய வெள்ளை. பார்த்துப் பார்த்து, அது ஒரு சேதி சொல்லும் என்பதையே எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

“வெட்டவும் வேண்டாமெண்டிட்டியள்,” என்றார் கதிர்காமநாதன். “ஒராளின்ரை நெத்தியை மட்டும் மறைக்க இந்தப் பெட்டியாலை ஏலாது, அண்ணை. மறைச்சால் எல்லாற்றையும் மறைக்கவேணும்.”

செல்வநாயகத்தின் கை குமிழிலேயே நின்றது.

விமலேஸ்வரி அந்தக் கையை விலக்கினா. திரையைப் பார்த்தபடி, தன் மகளின் பொட்டு அழியும்வரை குமிழைத் திருப்பினா.