அளவுச் சட்டை

நுகர்வோர் நீதிமன்ற வாசலில் மனு எழுதிக் கொடுக்கும் ராயப்பனின் முன்னால் பொன்னாத்தாள் வந்து உட்கார்ந்தபோது, அவளுடைய உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, ஒரு முழ இடைவெளியில் அந்தரத்தில் நின்றன. பேருந்திலும் கம்பியைப் பிடிக்கவில்லையாம். தோளில் தொங்கிய பையிலிருந்து தையல்கடை ரசீதை அவரையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

“தொலைஞ்சது என்னம்மா?”

“அளவுச் சட்டைங்க. வருசா வருசம் தீபாவளிக்கு அதைக் குடுத்துத்தான் பையனுக்குப் புதுச்சட்டை தைப்பேன். இந்தவாட்டி தொலைச்சுப் போட்டாங்க. பையனைக் கூட்டிட்டு வா, அளவெடுத்துக்கறேங்கறார் டெய்லர்.”

ராயப்பன் எழுதிக்கொண்டே அடுத்த கட்டத்துக்கு வந்தார். “என்ன பரிகாரம் கேக்கறீங்க?”

“எல்லாக் கோயில்லயும் பண்ணியாச்சுங்க. ஆறு வருசமாச்சு, பையன் வீட்டுக்கு வரல.”

மனுவில் பரிகாரம் என்றால் கடைக்காரர் தரவேண்டிய ஈடு என்று சொல்ல வாயெடுத்தவர், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். “கையை ஏம்மா இப்படியே வெச்சிருக்கீங்க?”

“அவன் தோள் அகலம்ங்க. எத்தனை யோசிச்சும் ஞாபகத்துக்கு வரல. இன்னைக்குக் காலைல துணி மடிக்கறப்பக் கைக்கு வந்துருச்சு. எறக்குனாப் போயிரும்.”

அவர் மேசையிலிருந்த அடிக்கோலை அந்த இடைவெளியில் நீட்டிப் பார்த்தார். அது பன்னிரண்டு அங்குலத்தோடு முடிந்துவிட்டது. மனுவின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“நீங்க எந்தக் கையிலம்மா கையெழுத்துப் போடுவீங்க?”

பொன்னாத்தாள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.