கால் மணி நேரம்

கழற்றும்போது தையல்காரியின் கணவன் கையிலிருந்து நழுவி டியூப்லைட் தரையில் விழுந்து நொறுங்கியது. குப்பையைக் கண்டால் கை சும்மா இருக்காத தையல்காரி, துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

“பெருக்காதம்மா! அதுல பாதரசம் இருக்கு, பெருக்கினா பரவிடும்னு ஸ்கூல்ல சொன்னாங்க. ஜன்னலத் திறந்துட்டு, கதவச் சாத்திட்டு, கால் மணி நேரம் வெளிய இருக்கணும்” என்றாள் மகள்.

“ஒரு லைட்டுக்கு இவ்ளோ அலப்பறையா?” என்று சிரித்தான் கணவன். கம்பி போட்ட ஜன்னலைத் திறந்துவிட்டு, வீட்டிலிருந்த மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

ஐந்தாவது நிமிடம் அறைக்குள் பெருக்கும் சத்தம் கேட்டது. தையல்காரி குனிந்து தன் கையைப் பார்த்தாள். துடைப்பம் அதில்தான் இருந்தது. கணவன் சிரிக்கவில்லை.

சத்தம் நிதானமாக மூலை மூலையாக வந்து, கதவுக்குப் பின்னால் நின்றது. கதவிடுக்கில் வெள்ளைப் பொடி வெளியே வந்தது. பின்னாலேயே கடுகளவு பாதரச மணி உருண்டு வந்து, மகளின் வெறுங்காலைத் தொட்டு நின்றது.

உள்ளே, யாரோ முதல் மூலையிலிருந்து மறுபடியும் பெருக்கத் தொடங்கினார்கள்.