சனிக்கிழமை முடுக்கம்

ஹவானாவில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டி முடங்கிவிட்டதாகக் கணவன் சொல்லி ஒரு மாதமாயிற்று. பள்ளிக்கு நடந்தே வந்த இயற்பியல் ஆசிரியை ஒடாலிஸுக்கு, மாணவி யாய்மாவின் வீட்டுப்பாடத்தைப் பார்த்ததும் சந்தேகம் தட்டியது.

"தினமும் எட்டு நொடியில நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர் வேகம், முடுக்கம் ஒன்றரை. சனிக்கிழமை மட்டும் ஒண்ணா? யார்கிட்ட கதை விடுறே?"

"பால்கனியில நின்னு அளந்தேன் டீச்சர். எதிர்வீட்டு வாசல்லேர்ந்து கிளம்புற சைடுகார் மோட்டார் சைக்கிள். சனிக்கிழமை அந்த வீட்டு மிர்த்தா அக்காவும் ஏறிப்பாங்க. அவங்க நல்ல கனம்."

"பெட்ரோலே இல்லாத ஊர்ல தினமும் ஓடுற வண்டியா? புளுகாதே!"

"நிஜமா டீச்சர். பச்சை வண்டி. முன்னெல்லாம் நீங்க வந்து இறங்குவீங்களே, அதேதான்."

ஒடாலிஸ் மறுபடி கூட்டிக் கழித்துப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.